வெர்னர் மோல்டர்ஸும் 115 என்ற கணக்கும்

1941 நவம்பர் 22 அன்று விமான விபத்தில் இறந்தபோது வெர்னர் மோல்டர்ஸுக்கு வயது 28. அதற்குள் அவர் ஜெர்மன் விமானப்படையில் கர்னலாகி, நாட்டின் சண்டை விமானப் பிரிவுகள் அனைத்துக்கும் தலைமை ஆய்வாளர் பொறுப்பில் இருந்தார். ஸ்பெயினில் 14, இரண்டாம் உலகப் போரில் 101 என்று மொத்தம் 115 எதிரி விமானங்கள் அவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் போரில் நூறைத் தொட்ட முதல் விமானி அவர்தான்.

இறந்த பிறகு அவர் பெயரை ஆளுக்கொரு பக்கமாக எடுத்துக்கொண்டார்கள். நாஜி அரசு அரச மரியாதையோடு அவரை அடக்கம் செய்து, அவர் தலைமை தாங்கிய படையணிக்கு அவர் பெயரையே சூட்டியது. இரண்டு மாதம் போவதற்குள், பிரிட்டனின் ரகசியப் பிரச்சாரத் துறை அவர் எழுதியதுபோல ஒரு கடிதத்தைப் போலியாகத் தயாரித்து ஜெர்மனி மேல் விமானத்திலிருந்து தூவியது. போர் முடிந்து இருபது, முப்பது ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலுக்கும் ஒரு விமானப் படையணிக்கும் அவர் பெயரை வைத்தது. 2005-இல் அதே குடியரசு படையணியிலிருந்து அந்தப் பெயரை நீக்கியது. நாஜிகளின் வீரன், நாஜிகளை வெறுத்த பக்தன், அரசியல் தெரியாத நல்ல சிப்பாய், சர்வாதிகாரத்தின் கூலிப்படைக்காரன் என்று நான்கு மோல்டர்ஸ் நம் முன் நிற்கிறார்கள். அவருடைய போர்க்கால வாழ்க்கையை உள்ளபடி படித்தால் இந்த நான்கில் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆனால் நான்குக்கும் தீனி போடும் ஏதோ ஒன்று அந்த வாழ்க்கையில் இருக்கிறது.

மோல்டர்ஸ் 1913 மார்ச் 18 அன்று கெல்சன்கிர்ஹன் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போரில் 1915-இல் பிரான்சின் ஆர்கோன் காட்டுப் போர்முனையில் கொல்லப்பட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிராண்டன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருந்த அந்த ஊரில் கத்தோலிக்கக் குடும்பமாக வளர்ந்ததும், எரிஹ் கிளாவிட்டர் என்ற இளம் பாதிரியார் நடத்திய கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் சேர்ந்ததும் அவரைக் கடைசிவரை விட்டு விலகவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு, புகழின் உச்சியில் இருந்தபோது, அதே கிளாவிட்டரை வரவழைத்துத்தான் தன் திருமணத்தை நடத்தச் செய்தார். திருச்சபையோடு நாஜிக் கட்சி மோதிக்கொண்டிருந்த 1941 செப்டம்பரில் நடந்த திருமணம் அது.

1931-இல் தரைப்படையில் சேர்ந்தவருக்கு விமானத்தின் மேல் ஆசை. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. 1934-இல் மருத்துவத் தேர்வில் அவரைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். முகம் வெளிறி, உடல் நடுங்கி, வாந்தி எடுத்தார். பறக்கத் தகுதியற்றவர் என்று எழுதி அனுப்பினார்கள். விடாமல் மறுபடி விண்ணப்பித்து நிபந்தனையோடு அனுமதி வாங்கினார். பயிற்சி விமானத்திலும் அதே கதைதான்: தலைச்சுற்றல், குமட்டல், இறங்கியதும் வாந்தி. இதை வெல்ல அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. வானத்தில் பிறந்தவர் போல அவரைப் பின்னாளில் வரைந்த பிரச்சார அட்டைகள் எதிலும் இது இல்லை. என் பார்வையில் அவருடைய ஆளுமையைப் புரிந்துகொள்ள இதுவே சிறந்த வாசல். இயல்பாக வராத ஒன்றைப் பிரித்துப் பார்த்து, பழகி, பிறகு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் குணம் அவருக்கு இங்கிருந்தே வருகிறது. அவரை நன்றாகச் சுடுபவர் என்பதைவிட நல்ல ஆசிரியர் என்றே உடன் பறந்தவர்கள் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். இருபதுகளின் நடுவில் இருந்தவரை அவர்கள் ‘அப்பா’ என்று அழைத்தார்கள்.

1938 ஏப்ரலில் அவர் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசுக்கு எதிராக ஜெனரல் ஃபிராங்கோ நடத்திய கலகம் உள்நாட்டுப் போராக மாறி இரண்டாம் ஆண்டின் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபிராங்கோவுக்கு உதவ ஹிட்லர் அனுப்பிய விமானப்படை கோண்டோர் லீஜியன். வெளியுலகுக்கு அப்படி ஒரு படையே கிடையாது. வீரர்கள் சாதாரண உடையில், தொண்டர்கள் என்ற போர்வையில் அனுப்பப்பட்டார்கள். 1937 ஏப்ரல் 26 அன்று பாஸ்க் நாட்டின் கெர்னிகா நகரைச் சந்தை நாளில் குண்டுவீசி எரித்தது இந்தப் படைதான். மோல்டர்ஸ் ஸ்பெயினில் கால் வைத்தது அதற்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து. இந்த ஓராண்டு இடைவெளி பின்னால் பெரிய விவாதப் பொருளாகப் போகிறது.

மே மாதத்தில் சக ஜெர்மன் விமானி அடால்ஃப் கல்லாண்டிடமிருந்து ஒரு ஸ்குவாட்ரனின் பொறுப்பை ஏற்றார். அதுவரை அந்தப் பிரிவு பழைய ஹைங்கல் 51 இரட்டை இறக்கை விமானங்களை வைத்துக்கொண்டு தரைத் தாக்குதல் மட்டும் செய்துவந்தது. ஜூலையில் புதிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் வந்துசேர்ந்தன. ஜூலை 15 அன்று, சோவியத் தயாரிப்பான ஐ-15 விமானம் ஒன்றை வீழ்த்தித் தன் கணக்கைத் தொடங்கினார். பத்து நாளில் எப்ரோ ஆற்றுப் போர் வெடித்தது. நவம்பர் தொடக்கத்துக்குள் எண்ணிக்கை 14-ஐ எட்டியது; ஸ்பெயினில் இருந்த ஜெர்மன் விமானிகள் யாரையும்விட அதிகம்.

ஆனால் ஸ்பெயினிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் வான்போர் வரலாறு நினைவில் வைத்திருப்பது ஓர் அணிவகுப்பு முறையை. அன்று உலகின் பெரும்பாலான விமானப்படைகள் மூன்று மூன்றாகப் பறந்தன. தலைவர் முன்னே, இருவர் பின்னே இரு பக்கமும், இறக்கையோடு இறக்கை உரசும் நெருக்கத்தில். அணிவகுப்புக்கு அழகு. போருக்கு ஆபத்து. பக்கத்தில் பறக்கும் இருவரும் தலைவர் மேல் மோதிவிடாமல் இருக்க அவர் இறக்கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானத்தைத் தேடும் கண்கள் ஒரு ஜோடிதான். திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவர் கூட்ட வேண்டும். இல்லையென்றால் அணி சிதறிவிடும். மணிக்கு 400, 500 கிலோமீட்டரில் பறக்கும் புதிய விமானங்களில் இது கிட்டத்தட்ட தற்கொலை.

இதற்கு மாற்றாக ஸ்பெயினில் உருவானது இருவர் கொண்ட ஜோடி. இரண்டு ஜோடி சேர்ந்தால் நால்வர் அணி. கையை விரித்து, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரல் நுனிகளைப் பார்த்தால் அந்த அணியின் வடிவம் தெரியும். நடுவிரலில் தலைவர், ஆட்காட்டி விரலில் அவருக்குத் துணை, மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் அடுத்த ஜோடி. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஏறத்தாழ 200 மீட்டர் விடப்பட்டது; உயரத்திலும் ஏற்ற இறக்கம். யாரும் யார் மேலும் மோதப்போவதில்லை என்பதால் நால்வரும் வானத்தைத் தேடலாம். ஒருவர் வால்பக்கத்தை எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். திரும்ப வேண்டி வந்தால் ஒருவரையொருவர் குறுக்காகக் கடந்து திரும்புவார்கள். இடப்பக்கம் இருந்தவர் வலப்பக்கம் போய்விடுவார், வேகத்தை யாரும் மாற்ற வேண்டியதில்லை. இவ்வளவு தள்ளிப் பறந்தாலும் பேசிக்கொள்ள ரேடியோ இருந்தது. ரேடியோ இல்லாமல் இந்த முறை சாத்தியமே இல்லை.

இதை மோல்டர்ஸின் தனிக் கண்டுபிடிப்பாகப் பல நூல்கள் எழுதுகின்றன. அது மிகை. துணையோடு பறந்து ஒருவர் முதுகை ஒருவர் காக்கும் யோசனை 1916-இல், முதல் உலகப் போரில், ஜெர்மன் விமானி ஆஸ்வால்ட் போல்க்கே வகுத்த விதிகள் வரை பின்னோக்கிப் போகும். ஸ்பெயினில் தொடக்கத்தில் மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் சொற்பமாக இருந்ததால், மூன்று விமானத்துக்கு வழியில்லாமல் இரண்டாகப் பறக்க நேர்ந்தது. அப்படிப் பறந்தவர்கள் அதன் பலனை மோல்டர்ஸ் வருவதற்கு முன்பே கண்டிருந்தார்கள். ஃபின்லாந்து விமானப்படை இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தது. மோல்டர்ஸ் செய்தது வேறு. சிதறிக் கிடந்த அனுபவத்தை ஒழுங்காக்கி, இடைவெளி எவ்வளவு, உயர வேறுபாடு எவ்வளவு, திரும்பும் வரிசை என்ன என்று வரையறுத்து, 1938 இறுதியில் நாடு திரும்பியதும் ஜெர்மன் விமானப்படை முழுவதற்கும் பாடமாக்கினார். 1940 கோடையில் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் பழைய மூவர் அணியிலேயே பறந்து உயிர்களை இழந்தன. 1941-இல் அவர்களும் நால்வர் அணிக்கு மாறினார்கள். அமெரிக்கர்களும் அதையே பின்பற்றினார்கள். கல்லாண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு பேச்சு உண்டு: இந்தப் போரின் ரிஷ்ட்ஹோஃபனாக நீ இரு, நான் போல்க்கேயாக இருந்துகொள்கிறேன் என்ற பொருளில் மோல்டர்ஸ் அவரிடம் சொன்னாராம். 80 விமானங்களை வீழ்த்திய ‘சிவப்பு பரோன்’ ரிஷ்ட்ஹோஃபனின் பெயரைவிட, 40-உடன் இறந்துபோன ஆசான் போல்க்கேயின் பெயரை விரும்பியிருக்கிறார்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது அவர் பிரெஞ்சு எல்லையில் இருந்தார். செப்டம்பர் 20 அன்று, பிரெஞ்சு விமானப்படையின், அமெரிக்கத் தயாரிப்பான கர்டிஸ் ஹாக் 75 ஒன்றை வீழ்த்தினார். 1940 மே மாதத்தில் பிரான்சு மீதான பெரும் தாக்குதலின்போது 20-ஐத் தொட்டார். மே 29 அன்று நைட்ஸ் கிராஸ் பதக்கம் கிடைத்தது. ஜெர்மன் சண்டை விமானிகளில் அதை முதலில் பெற்றவர் அவர்.

ஒரு வாரத்தில் அவரே வீழ்ந்தார். ஜூன் 5 அன்று கோம்பியேன் அருகே நடந்த சண்டையில், டெவுவாதீன் 520 விமானத்தில் வந்த ரெனே போமியே லயரார்க் என்ற பிரெஞ்சு இளம் அதிகாரி அவரைச் சுட்டார். மோல்டர்ஸ் பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்துக் கைதியானார். போமியே லயரார்க் அதே நாளில் வேறு மெஸ்ஸர்ஷ்மிட்டுகளோடு மோதிக் கொல்லப்பட்டார். உலகின் மிகச் சிறந்த சண்டை விமானிகளில் ஒருவரைத் தான் வீழ்த்திவிட்டோம் என்பதை முழுதாக அறிந்துகொள்ளக்கூட அவருக்குப் பொழுது இருந்திருக்காது. மோல்டர்ஸ் வாழ்க்கை வரலாறுகளில் இந்த மனிதருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. இருவரில் எவர் திறமைசாலி என்பது அன்றைய கேள்வியாக இல்லை. யார் யாரை முதலில் பார்த்தார் என்பதே கேள்வி. மோல்டர்ஸ் தன் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடமும் அதுதான். மூன்று வாரத்தில் பிரான்சு சரணடைந்தது, கைதி விடுதலையானார். பிரான்சு சரணடையாமல் இருந்திருந்தால் அவர் கணக்கு ஸ்பெயினைச் சேர்க்காமல் 25-இல் நின்றிருக்கும். இந்தக் கட்டுரைக்கும் தேவை இருந்திருக்காது.

1940 ஜூலை இறுதியில் 51-ஆவது படையணியின் தலைமை அவரிடம் வந்தது. வயது 27. ஜூலை 28 அன்று, புதிய படையணியோடு பறந்த முதல் நாளிலேயே டோவர் நகருக்கு மேலே ஸ்பிட்ஃபயர் ஒன்றின் குண்டு காலில் பாய்ந்தது. சேதமான விமானத்தை எப்படியோ ஆங்கிலக் கால்வாய் தாண்டிக் கொண்டுவந்து பிரெஞ்சுக் கரையில் இறக்கினார். அவரைச் சுட்டவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ‘செய்லர்’ மலான் என்று பல ஆண்டு எழுதிவந்தார்கள். வேறொரு ஸ்குவாட்ரனின் வெப்ஸ்டர் என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஒருவரை வீழ்த்தியவர் யார் என்பதை இரு தரப்பு ஆவணங்களையும் வைத்துக்கொண்டே எண்பது ஆண்டுகளாகத் தீர்க்க முடியவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் 115 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் மீதான அந்தப் போரில் ஜெர்மன் விமானிகளைக் கொன்ற எதிரிகளில் பெட்ரோலும் ஒன்று. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் தொட்டி 400 லிட்டர். பிரெஞ்சுக் கரையிலிருந்து லண்டனுக்குப் போனால் சண்டையிட ஏறத்தாழ பத்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் எரிபொருள் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும். குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறந்து காக்க வேண்டும் என்று விமானப்படைத் தலைவர் கோரிங் கட்டளையிட்டதும் அந்தச் சொற்ப நேரமும் வீணானது. வேகமும் உயரமும்தான் சண்டை விமானத்தின் ஆயுதம் என்று ஸ்பெயினில் கற்றவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்ட கதை. இந்த நாட்களில் மோல்டர்ஸ் ரெஹ்லின் சோதனை நிலையத்தில் கைப்பற்றப்பட்ட ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் ஓட்டிப் பார்த்தார். ஓட்டவும் இறக்கவும் சுகமானவை, சண்டைக்குத்தான் குறை என்பது அவர் மதிப்பீடு. குறை என்று அவர் பிடித்தது என்ஜினை. மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் பிரிட்டிஷ் என்ஜின் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு ஒரு கணம் திணறும். ஜெர்மன் என்ஜினில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் திணறல் இல்லை. துரத்தப்படும் ஜெர்மன் விமானி மூக்கைக் கவிழ்த்தால் தப்பிவிடலாம். இப்படிப் பார்த்து, எழுதிவைத்து, சொல்லிக்கொடுப்பது அவர் பாணி. அக்டோபர் 22 அன்று உலகப் போர்க் கணக்கு 50 ஆனது.

1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுப்பு தொடங்கியது. முதல் நாளிலேயே அவர் நான்கு விமானங்களை வீழ்த்தினார். ஜூன் 30 அன்று பெரெசினா ஆற்றின் பாலங்களைத் தகர்க்க சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் சண்டை விமானப் பாதுகாப்பு இல்லாமல் அலை அலையாக அனுப்பப்பட்டன. அந்த ஒரே நாளில் மோல்டர்ஸின் படையணி 100-க்கு மேற்பட்ட விமானங்களுக்கு உரிமை கோரியது. அவர் பங்கு ஐந்து. ரிஷ்ட்ஹோஃபனின் 80-ஐ அன்று தாண்டினார். ஜூலை 15 அன்று 101. மறுநாள் வைரம் பதித்த நைட்ஸ் கிராஸ். ஜெர்மன் ராணுவம் முழுவதிலும் அதைப் பெற்ற முதல் ஆள். கூடவே இனி போரில் பறக்கக் கூடாது என்ற தடையும் வந்தது. அவர் செத்துவிட்டால் பிரச்சாரத்துக்கு இழப்பு என்பதே காரணம்.

இந்த எண்களை எப்படி வாசிப்பது? ஜெர்மன் விமானப்படையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் படிவம் உண்டு: நேரம், இடம், உயரம், எதிரி விமானத்தின் வகை, விழுந்த விதம், சாட்சி. ஒரு விமானத்தை இருவர் பகிர்ந்துகொள்ள அனுமதி கிடையாது. காகிதத்தில் இது கறாரான முறை. ஆனால் சில நொடிகளில் நடந்து முடியும் சண்டையில், புகை கக்கியபடி கீழே பாயும் விமானம் விழுந்ததா, தப்பித்துப் போனதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டன் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜெர்மனி உண்மையில் இழந்தது ஏறத்தாழ 60. மிகைக் கணக்கு எல்லாப் பக்கமும் இருந்தது. பொய் சொன்னதால் வருவதைவிட அவசரத்தால் வருவதே அதிகம்.

ஜெர்மன் விமானிகளின் கணக்கு மற்றவர்களைவிட இவ்வளவு உயரமாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நேச நாடுகளில் சிறந்த கணக்குடைய சோவியத் விமானி இவான் கோஷெதூப் 60-ஐச் சற்றே தாண்டினார்; அமெரிக்காவின் ரிச்சர்ட் பாங் 40. ஜெர்மனியிலோ எரிஹ் ஹார்ட்மான் 352 வரை போனார். நூறைத் தாண்டியவர்களே சுமார் 100 பேர். பிரிட்டிஷ், அமெரிக்க விமானிகள் குறிப்பிட்ட காலம் பறந்ததும் ஓய்வுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஜெர்மன் விமானிக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. காயமோ சாவோ வரும்வரை பறந்தார். 1941 கோடையில் எதிரே இருந்தவர்களோ பழைய விமானங்களில், பலர் ரேடியோவே இல்லாமல், ஸ்டாலினின் களையெடுப்பில் அனுபவமுள்ள தளபதிகளை இழந்த ஒரு படையில் இருந்தார்கள். முதல் நாளில் அவர்களுடைய விமானங்கள் ஆயிரத்துக்கு மேல் அழிந்தன, பெரும்பாலும் தரையிலேயே. பெரெசினா மேல் வந்த குண்டுவீச்சு விமானிகள் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தே வந்தார்கள். அன்றைய வீரம் யார் பக்கம் அதிகம் இருந்தது என்று கேட்டால் நான் அந்தச் சோவியத் விமானிகளைத்தான் காட்டுவேன்.

அந்த வான்வெற்றிக்குக் கீழே தரையில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. படையெடுப்புக்கு முன்பே, பிடிபடும் சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுவிட வேண்டும் என்ற கட்டளை பிறந்திருந்தது. முன்னேறும் ராணுவத்தின் பின்னாலேயே யூதர்களைக் கொன்று குவிக்கும் குழுக்கள் சென்றன. மோல்டர்ஸ் அவற்றில் பங்கேற்றார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அவருடைய படையணி வானத்தைத் திறந்துவிட்ட பாதையில்தான் அந்த ராணுவம் மின்ஸ்கையும் ஸ்மோலென்ஸ்கையும் அடைந்தது.

ஆகஸ்டில் தலைமை ஆய்வாளரான பிறகும் அவர் பெர்லின் மேசையில் அதிகம் உட்காரவில்லை. இலையுதிர் காலத்தில் கிரிமியாப் போர்முனைக்குப் போய், அங்கிருந்தபடியே ரேடியோவில் குண்டுவீச்சு விமானங்களையும் சண்டை விமானங்களையும் இலக்குகளுக்கு வழிநடத்தினார். தடையை மீறிப் பறந்து இன்னும் பல விமானங்களைக் கணக்கில் எழுதாமல் வீழ்த்தினார் என்று உடன் இருந்தவர்கள் சொன்ன கதைகள் உண்டு. அதிகாரப்பூர்வப் பதிவு எதுவும் இல்லாததால் ஆய்வில் அவற்றுக்கு இடமில்லை.

நவம்பர் 17 அன்று விமானப்படையின் தொழில்நுட்பத் தலைவர் எர்ன்ஸ்ட் ஊடெட் தற்கொலை செய்துகொண்டார். புதிய ஆயுதத்தைச் சோதித்தபோது நடந்த விபத்து என்று அரசு அறிவித்தது. இறுதிச் சடங்குக்காக மோல்டர்ஸ் கிரிமியாவிலிருந்து ஹைங்கல் 111 விமானம் ஒன்றில் பயணியாகக் கிளம்பினார். வழியில் மோசமான வானிலை. 22-ஆம் தேதி ஒரு என்ஜின் பழுதாகி, பிரெஸ்லாவ் நகர விமானத் தளத்தில் இறங்க முயன்றபோது விமானம் தரையில் மோதியது. மோல்டர்ஸும் விமானியும் மெக்கானிக்கும் இறந்தார்கள்; மற்ற இருவர் பிழைத்தார்கள். பெர்லினின் இன்வாலிடன் கல்லறைத் தோட்டத்தில், ரிஷ்ட்ஹோஃபனும் ஊடெட்டும் கிடந்த அதே இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். திருமணமாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. மகள் அவர் இறந்த பிறகு பிறந்தாள்.

இங்கிருந்துதான் பெயரின் தனி வாழ்க்கை தொடங்குகிறது. அந்தக் கோடையில் முன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் மனநோயாளிகள் கொல்லப்படுவதையும் மடங்கள் பறிக்கப்படுவதையும் மேடையேறிக் கண்டித்திருந்தார். கத்தோலிக்கர்களிடையே கொந்தளிப்பு இருந்தது. பக்தரான ஒரு வீரர், ஊடெட் இறந்த ஐந்தே நாளில், விபத்தில் சாகிறார். ஆட்சியை எதிர்த்ததால் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அதன் மேல் பிரிட்டிஷ் பிரச்சாரப் பிரிவின் செஃப்டன் டெல்மர் கைவைத்தார். மோல்டர்ஸ் சாவதற்குச் சற்று முன் ஸ்டெட்டின் நகரக் கத்தோலிக்கத் தலைமைப் பாதிரியாருக்கு எழுதியதாக ஒரு கடிதத்தைத் தயாரித்தார்கள். சாவு சூழ்ந்த இடத்தில் விசுவாசம் மட்டுமே துணை நிற்கிறது, கேலி செய்தவர்களே இப்போது விசுவாசிகளிடம் வலிமை தேடி வருகிறார்கள் என்ற தொனியில் அமைந்த உருக்கமான கடிதம். ஹிட்லர் பெயரோ கட்சியின் பெயரோ எடுத்துத் திட்டாமல் விட்டதுதான் அதன் தந்திரம். 1942 ஜனவரியில் அது ஜெர்மனி மேல் விழுந்தது.

அடுத்து நடந்தது டெல்மரே எதிர்பார்த்திருக்க முடியாத அளவு. மக்கள் அதைக் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் நகலெடுத்தார்கள். பீடங்களிலிருந்து பாதிரியார்கள் வாசித்தார்கள். புராட்டஸ்டண்ட் ஆலயங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. நாஜிக் காவல் துறை பரப்பியவர்களைக் கைது செய்தது. எழுதியவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு ஒரு லட்சம் மார்க் வெகுமதி என்றார்கள். போலி என்று அரசு கூவியதை நம்ப ஆளில்லை. போர் முடிந்த பிறகும் பலர் அது உண்மைக் கடிதம் என்றே நம்பினார்கள். 1960-களில் டெல்மரின் நினைவுக் குறிப்புகளும், ஆவணங்களை அலசிய ஜெர்மன் வரலாற்றாய்வும்தான் அதன் பிறப்பை வெளிக்கொண்டுவந்தன. அந்தக் கடிதத்தை நகலெடுத்துச் சிறைக்குப் போனவர்களின் துணிச்சல் மட்டும் போலி அல்ல. அவர்கள் உண்மையாகவே தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள், மோல்டர்ஸ் எழுதாத வரிகளுக்காக.

போருக்குப் பின் வந்த மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குக் கறைபடாத முன்னோடிகள் தேவைப்பட்டார்கள். கத்தோலிக்கர், கட்சி உறுப்பினர் அல்லாதவர், 1941-லேயே இறந்துவிட்டதால் பின்னாளைய கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவர்: மோல்டர்ஸ் பொருந்தினார். 1967-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட ஏவுகணை நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது வயதான அவர் தாய். 1973 நவம்பர் 22 அன்று, அவர் இறந்த நாளில், நொய்பர்க்கில் இருந்த 74-ஆவது படையணி அந்தப் பெயரை ஏற்றது.

1997-இல் கெர்னிகாவின் அறுபதாம் ஆண்டு நினைவில் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ரோமன் ஹெர்ட்சோக் உயிர் தப்பியவர்களுக்கு எழுதிய செய்தியில் ஜெர்மானியரின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றம் கோண்டோர் லீஜியன் உறுப்பினர்களின் பெயர்கள் ராணுவ மரியாதையில் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. பல ஆண்டு அது கிடப்பில் கிடந்தது. தொலைக்காட்சியில் விவகாரம் கிளம்பி, ராணுவ வரலாற்று ஆய்வு நிறுவனம் அறிக்கை அளித்த பிறகு, 2005 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஷ்ட்ருக் பெயரை நீக்கினார்.

முன்னாள் விமானிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர்கள் முன்வைத்தவற்றில் கேட்கத் தகுந்தவை உண்டு. கெர்னிகா எரிந்தபோது அவர் ஸ்பெயினிலேயே இல்லை. இனச் சட்டங்களால் துன்புற்ற சிலருக்கு அவர் உதவியதாகச் சாட்சியங்கள் காட்டப்பட்டன. திருச்சபை மேல் கொண்ட பற்றை அவர் மறைக்கவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. தனிமனிதராக அவர் கண்ணியமானவர் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவர் ஆட்சியை எதிர்த்து ஏதாவது செய்தார் என்பதற்கு உறுதியான ஆவணம் இல்லை. ஒரு ஜனநாயக நாட்டின் ராணுவம் யார் பெயரைச் சுமந்து பறக்கிறது என்ற கேள்விக்குத் தனிமனிதக் கண்ணியம் பதிலாகாது. அவர் எதற்காகப் போரிட்டார் என்பதுதான் அங்கே பேச்சு.

கெர்னிகாவில் இல்லை என்ற வாதமும் பாதிதான் நிற்கிறது. கோண்டோர் லீஜியன் ஓர் ஊரை எரித்ததோடு முடியவில்லை. அவர் தலைமை தாங்கிய சண்டை விமானங்கள் காவல் வந்ததால்தான் அதன் குண்டுவீச்சு விமானங்கள் 1938-இல் எப்ரோவில் தங்கள் வேலையைச் செய்ய முடிந்தது. அவர் வீழ்த்திய ஐ-15, ஐ-16 விமானங்களில் இருந்தவர்கள், தங்கள் நாட்டில் வாக்களித்துத் தேர்ந்த ஓர் அரசைக் காக்கப் பறந்தவர்கள். ஜெர்மனி ஸ்பெயின் மீது போர் அறிவிக்கவே இல்லை. ஸ்பெயினை அவர் வாழ்க்கையின் ஓரத்துக்குத் தள்ள விரும்பும் ஆதரவாளர்களும் அவர் கணக்கை எழுதும்போது 101 என்று நிறுத்துவதில்லை. 14-ஐயும் கூட்டி 115 என்றே எழுதுகிறார்கள்.